மூச்சும் மஜ்ஜையும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயம்பற்றிப் பேசவேண்டுமெனக் காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டபோது, வழக்கம்போல் கல்வியைப்பற்றியோ சிக்கனத்தைப்பற்றியோ நாலு வார்த்தை சொல்லி அமர்ந்துவிடலாமென்றே யாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு கடிதம். நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலிருந்து அது வந்தது. பேரும் ஊரும் இங்கு வேண்டா. அவ்வீட்டுப் பெரியவருக்கு எலும்பு மஜ்ஜையில் ஒரு நோய். இரத்தத்தில் உண்டாகும் புற்றுநோய்களுள் ஒன்றென்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸிட்னி நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மகள் ஒரு செய்தித் துணுக்கை அனுப்பியிருக்கிறாள். அந்நகரத்துச் சிறு கம்பெனியொன்று இந்நோய்க்குப் புது மருந்தொன்றைச் சோதித்துவருகிறதென்றும், நோயாளிகள் சிலருக்கு மஜ்ஜையிலுள்ள வடு குறைந்ததென்றும் அதில் கண்டிருக்கிறது. “வீட்டை அடமானம் வைத்தாவது அப்பாவை அங்கே அழைத்துப் போகலாமா? அந்தக் கம்பெனியை நம்பலாமா?” என்று மகன் கேட்டெழுதியிருக்கிறார்.

அதே வாரத்தில் வேறோர் அங்கத்தினர் எம்மை வழியில் நிறுத்தி, அதே கம்பெனியின் பங்குகளை இப்பொழுது வாங்கினால் லாபமுண்டா என்று விசாரித்தார். ஒருவர் உயிருக்காகக் கேட்கிறார். ஒருவர் வட்டிக்காகக் கேட்கிறார். இருவருக்கும் விடை ஒரே வரலாற்றில்தான் இருக்கிறது.

யாம் வைத்தியரல்லோம். மருந்து மொத்த வியாபாரக் கடையொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதினோம். ஆகையால் மருந்தின் வரலாற்றையும் கணக்கனுடைய கண்கொண்டே படிக்கிறோம். இவ்வரலாற்றில் கணக்கே பிரதானம் என்பது போகப்போகத் தெரியும்.

ஸிட்னியிலுள்ள ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரியில் ஸாண்ட்ரா ஆண்டர்ஸன் என்னும் அம்மையார் மூச்சுக்குழல்களைப்பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்துவந்தார். ஓடினாலும் விளையாடினாலும் சிலருக்கு ஏன் இழுப்பு வருகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. வேகமாக மூச்சுவிடும்போது குழல்களின் உட்புறத்து ஈரம் உலர்ந்துபோகிறது. எஞ்சிய ஈரத்தில் உப்புச்செறிவு மிகுகிறது. அச்செறிவு அங்குள்ள அணுக்களைக் கிளறிவிட, அவை கக்கும் பொருள்களால் குழலைச் சூழ்ந்த தசை இறுகுகிறது. இதுவே அவர் கண்ட காரணம். அப்படியானால் நோயாளியை ஓடச்செய்யாமலே, செறிவை உண்டாக்கும் ஏதேனும் ஒரு பொருளைச் சிறுகச்சிறுக உள்ளே இழுக்கச்செய்து ஆஸ்துமா இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாமல்லவா? முதலில் உப்புநீர்ப் புகையைக்கொண்டு பார்த்தார்கள். பிறகு மானிடால் என்னும் பொருளின் உலர்ந்த தூளை எடுத்துக்கொண்டார்கள். இம்முறையை விவரிக்கும் கட்டுரை 1997-இல் வெளிவந்தது.

மானிடால் அபூர்வ வஸ்து அன்று. சர்க்கரைக்கு உறவான ஓர் இனிப்பு. ஸிஸிலித் தீவில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் மன்னா என்னும் பாலில் அஃது உண்டு. கடற்பாசியிலும் காளானிலும் உண்டு. இப்பொழுது தொழிற்சாலைகளில் ஏராளமாகச் செய்கிறார்கள். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவர்க்கு இரத்தக்குழாயில் ஏற்றும் மானிடால் பாட்டிலை நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பார்த்திருப்பீர்கள். நீரைத் தன்பால் இழுப்பதே அதன் குணம்.

சோதனை செய்யும் விதம் எளியது. தூளைச் சிறு குப்பிகளில் அடைத்து, 5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக மிகுத்து, மொத்தம் 635 மில்லிகிராம் வரையில் கைக்கருவி ஒன்றன் வழியாக இழுக்கச்செய்வார்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறதென்று அளப்பார்கள். அவ்வளவு 15 சதவீதம் குறைந்தால் மூச்சுக்குழல்கள் ஆஸ்துமாவுக்குரிய கூச்சமுடையவை என்று தீர்மானம். பெண் பார்க்கும் சமயத்தில் இழுப்பு நோயை மறைத்து, மணமான பிறகு மூச்சுக்கருவியைப் புடவைக்கடியில் ஒளித்துவைக்கும் கொடுமை நம் குடும்பங்களில் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததன்று. அளந்து சொல்லக்கூடிய நோயை ஒளிக்கவேண்டிய நோயாக வைத்திருப்பது யாருடைய குற்றமென்று இவ்விடத்தில் யாம் கேட்க வரவில்லை.

இத்தூளைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியே நாம் பேசவந்தது. பார்மாக்ஸிஸ் என்பது அதன் பெயர். 1998-இல் தோன்றியது. பெரிய மருந்துக் கம்பெனிகளின் பக்கத்தில் வைத்தால் அது ஆலமரத்தடியில் முளைத்த கீரை. 2003-இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இடம்பெற்று, பொதுஜனங்களிடம் பணம் திரட்டியது. ஆஸ்பத்திரியில் பிறந்த மானிடால் முறையின் உரிமையைப் பெற்று, அரிடால் என்ற பெயரில் மேற்சொன்ன சோதனைத் தூளைச் செய்தது. ஆஸ்திரேலியாவில் 2006-இலும் அமெரிக்காவில் 2010-இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சோதனைத் தூளை விற்று ஒரு கம்பெனி பிழைக்க முடியாது. நோயைக் கண்டுபிடிக்க மனிதன் ஒருமுறை பணம் கொடுப்பான். நோயைத் தணிக்க ஆயுள் முழுதும் கொடுப்பான். இது வியாபாரக் கணக்கு.

ஆகவே அவர்கள் அதே தூளை மற்றொரு நோய்க்கு மருந்தாக்கப் புகுந்தார்கள். ஸிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்பது அந்நோய். பிறவியிலேயே வருவது. உப்பையும் நீரையும் அணுக்களினின்று வெளிவிடும் ஒரு வாயில் கெட்டுப்போவதால், நுரையீரலிலுள்ள சளி பிசின்போல் இறுகிவிடுகிறது. அதில் கிருமிகள் குடியேறுகின்றன; வருஷந்தோறும் நுரையீரல் சிதைகிறது. இக்கேட்டுக்குக் காரணமான பரம்பரைக் கூறு 1989-இல் கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவரும் நோயின்றி அக்கூற்றைமட்டும் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ஐரோப்பிய வமிசத்தாரிடையே இந்நோய் மிகுதி. நம் நாட்டிலும் இல்லாமலில்லை. அத்தை மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நமக்கு, இவ்வகை மறைந்த பரம்பரை நோய்களின் கணக்கு மற்றவர்களைக்காட்டிலும் அதிகமாகவே பொருந்தும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இந்நோயில் உப்புக்கும் நீருக்கும் உள்ள சம்பந்தத்தைப்பற்றி ஸிட்னியில் ஒரு ருசிகரமான செய்தி வழங்குகிறது. கடலலைமேல் பலகையேறி விளையாடுவது அந்நாட்டு வாலிபர்களின் வழக்கம். இந்நோயுள்ளவர்களில் அவ்வாறு விளையாடுவோர்க்குச் சளி இளகி மூச்சு எளிதாவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். கடற்காற்றோடும் நீரோடும் உள்ளே செல்லும் உப்பு, அணுக்களிலிருந்து நீரை வெளியே இழுத்துச் சளியை நனைக்கிறது. அங்குள்ள வைத்தியர்கள் 7 சதவீத உப்புநீர்ப் புகையை 164 நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்து, நன்மையுண்டென்று 2006-இல் வெளியிட்டார்கள். உப்புச் செய்யும் வேலையை மானிடாலும் செய்யுமல்லவா? அதுவும் புகைக் கருவியைக் கழுவிக் காயவைத்து உட்கார்ந்திருக்க வேண்டாத உலர்தூளாக! பிராங்கிடால் என்ற மருந்து இவ்வெண்ணத்தில் பிறந்தது. காலையில் 10 குப்பி, மாலையில் 10 குப்பி. வேளைக்கு 400 மில்லிகிராம்.

ஒன்று கவனியுங்கள். ஆஸ்துமா உடையவனுக்கு மூச்சை இறுக்கிக் காட்டுவதற்கென்று எடுத்த அதே தூளை இங்கே மூச்சைத் திறப்பதற்குக் கொடுக்கிறார்கள். ஆகையால் முதல் வேளையை வைத்தியர் முன்னிலையில் இழுக்கச்செய்து, குழல் இறுகுகிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னர்க் குழலைத் தளர்த்தும் மருந்தையும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

இம்மருந்தை இரண்டு பெரிய சோதனைகளில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட நோயாளிகள், 26 வாரம். ஒரு கூட்டத்தார்க்கு முழு அளவு. ஒப்புநோக்குவதற்கான மற்றொரு கூட்டத்தார்க்கு, பயன்தராதென்று கருதப்பட்ட 50 மில்லிகிராம் அளவு. ஊதும் காற்றின் அளவு முழு மருந்து பெற்றோரிடம் கூடியது. நல்ல செய்திதான். ஐரோப்பிய மருந்துக் கமிட்டி 2011-இன் நடுவில் வேண்டாமென்று சொல்லி, மறுபரிசீலனை கேட்டபின் அவ்வருஷத்திலேயே வேண்டுமென்று மாற்றிச் சொல்லிற்று. 2012-இல் பெரியவர்களுக்கு மட்டும் அங்கே அனுமதி வந்தது. ஆஸ்திரேலியாவில் 2011-இலேயே வந்துவிட்டது. எஞ்சியது அமெரிக்கா. கம்பெனியின் ஆஸ்தியெல்லாம் அங்கேதான் அடகு வைத்ததுபோல் இருந்தது.

2013 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் கமிட்டி கூடிற்று. கமிட்டியிலிருந்த 14 பேரும், ஒருவர் பாக்கியின்றி, இம்மருந்துக்கு விரோதமாக வாக்களித்தார்கள். மார்ச்சில் நிர்வாகமும் மறுத்துவிட்டது. பங்குகளின் விலை சரிந்தது. ஆட்களைக் குறைத்தார்கள், தலைமையும் அவ்வருஷம் மாறிற்று. அக்காலத்தில் எமக்குத் தெரிந்த ஒருவர், “பெரிய கம்பெனிகள் சேர்ந்து சின்னவனை அமுக்கிவிட்டார்கள்” என்று எம்மிடம் வருத்தப்பட்டார். யாமும் அப்படியே எண்ணினோம். பின்னர், கமிட்டியார் என்ன காரணம் சொன்னார்கள் என்று படித்துப் பார்த்தபோது எம் எண்ணம் மாறிற்று.

அவர்கள் கேட்டது ஒரு கணக்கனின் கேள்வி: இடையில் நின்றவர்கள் எங்கே?

முதற் சோதனையில் சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 26 வாரம் முடியுமுன்பே விலகிவிட்டார்கள். அதிலும் முழு அளவு மருந்து பெற்ற கூட்டத்தில் விலகினவர்களே மிகுதி. தூள் தொண்டையைக் கமறச்செய்து இருமலெழுப்புவது. அதைத் தாங்கமாட்டாதவர்கள் போய்விட்டார்கள். போனவர்களுடைய கடைசி அளவுகள் ஏட்டில் இல்லை. தங்கினவர்கள் யார்? தூளைத் தாங்கியவர்கள், ஒருவேளை அதனால் நலமும் பெற்றவர்கள். தங்கினவர்களை மட்டும் கூட்டிக் கழித்து, மருந்து இவ்வளவு பயன் தந்தது என்று சொன்னால் அந்தக் கணக்கு சரியாகுமா?

இதை நம் வீட்டு உதாரணத்தால் விளக்குவோம். ஒரு தனிப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தார், தங்கள் மாணாக்கர் பரீட்சையில் 100-க்கு 95 பேர் தேறினார்கள் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறார்கள். ஜூன் மாதம் சேர்ந்தவர்கள் 60 பேர். பாடம் ஏறாதவர்களும், பரீட்சையன்று உடம்பு சரியில்லையென்று வீட்டில் படுத்தவர்களுமாக 20 பேர் நின்றுபோனார்கள். எழுதின 40 பேரில் 38 பேர் தேறினார்கள். நோட்டீஸில் பொய்யில்லை. ஆயினும் அதை நம்பிப் பிள்ளையைச் சேர்த்த தகப்பன் ஏமாந்தவனாகிறான். பார்மாக்ஸிஸார் மோசம் செய்யவில்லை. போனவர்களை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆனால் போனவர்களைப் பின்தொடர்ந்து அளக்காமல் விட்டார்கள். பிற்பாடு எந்தச் சாமர்த்தியத்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. குழந்தைகளிடம் இருமலில் இரத்தம் கண்டதும் கமிட்டியாரைக் கவலைப்படுத்திற்று.

அவ்வருஷமே மற்றோர் அடியும் விழுந்தது. மூச்சுக்குழல் விரிந்து சளிகட்டும் பிராங்கியெக்டேஸிஸ் என்னும் வேறொரு நோய்க்கும் இத்தூளை 52 வாரம் சோதித்திருந்தார்கள். நோய் திடீரென முற்றும் தடவைகள் குறையும் என்று எதிர்பார்த்தது பலிக்கவில்லை. அதைப்பற்றி மேலே சொல்ல அதிகமில்லை.

சிறிய கம்பெனி இவ்விடத்தில் கடையை மூடியிருக்கலாம். இத்தாலியில் பார்மா நகரத்திலுள்ள கியேஸி என்னும் கம்பெனி, அமெரிக்காவில் விற்கும் உரிமைக்காக மூன்றாவது சோதனையின் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. இம்முறை பெரியவர்கள் மட்டும், 423 பேர். முக்கியமான மாறுதல் யாதெனில், மருந்தை நிறுத்திவிட்டவர்களையும் சோதனையை விட்டுப் போகவிடாமல், வரச்சொல்லித் தொடர்ந்து அளக்க ஏற்பாடு செய்தார்கள். வராமலே போனவர்களின் கணக்கை மருந்துக்கு அனுகூலமாக எழுதாமல் பிரதிகூலமாக எழுதுவதற்கும் முன்கூட்டியே விதி செய்தார்கள். பிறகு முடிவு தெரிந்தது. ஊதும் காற்றில் கூடின அளவு 54 மில்லிலிட்டர்.

ஐம்பத்துநாலு மில்லிலிட்டர் என்பது எவ்வளவு? நம் பழைய அளவில் ஆழாக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இவ்வளவுக்கா இத்தனை வருஷம் என்று கேட்கத் தோன்றும். எமக்கும் தோன்றிற்று. வருஷந்தோறும் சிறிது சிறிதாக மூச்சை இழந்துவரும் ஒருவனுக்கு அது அற்பமன்று என்று வைத்தியர்கள் சிலர் சொல்கிறார்கள். நாள்தோறும் 20 குப்பி இழுக்கும் தொல்லைக்கு அது போதாது என்று சிலர் சொல்கிறார்கள். 2019 மே மாதம் மறுபடியும் கூடிய அமெரிக்கக் கமிட்டியிலும் இதே பிளவு: 9 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. கருவியை நோயாளிகள் சரியாகக் கையாளுகிறார்களா என்று மீண்டும் காட்டச்சொல்லி நிர்வாகம் இன்னொரு தடை போட்டது. அதையும் காட்டிய பிறகு 2020 அக்டோபர் 30-ஆம் நாள் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 14 பேரும் மறுத்த நாளிலிருந்து ஏழே முக்கால் வருஷம்.

எமது அபிப்பிராயத்தில் 2013-இன் மறுப்பு நியாயமானதே. அந்தக் கம்பெனியின் வரலாற்றில் மதிக்கத்தக்க காரியம் அந்த மறுப்புக்குப் பிறகு அவர்கள் செய்த மூன்றாவது சோதனை. ஆயினும் அதற்குள் காலம் மாறிவிட்டது. கெட்ட வாயிலையே சரிசெய்யும் மாத்திரைகள் வேறு பெரிய கம்பெனியிலிருந்து வந்து, அந்நோயாளிகளில் பெரும்பாலோருடைய வாழ்வை மாற்றிவிட்டன. பிராங்கிடால் சபைக்கு வந்து சேர்ந்தபோது விருந்து ஏறக்குறைய முடிந்திருந்தது. 2023-இல் பார்மாக்ஸிஸார் மானிடால் வியாபாரம் முழுவதையும் ஸ்தலத்தோடு வேறொருவருக்கு விற்றுவிட்டு, ஸின்டாரா என்று தங்கள் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். எந்த மருந்துக்காக இருபது வருஷம் போராடினார்களோ அதை விற்றுவிட்டார்கள்! வியாபாரத்தில் பழகினவர்களுக்கு இது விளங்கும்; எமக்கு ஏனோ சிறிது மனவருத்தமாகவே இருந்தது.

இனி மூச்சிலிருந்து மஜ்ஜைக்கு எப்படி வந்தார்கள் என்பது. தூள் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, கம்பெனியின் ரஸாயனிகள் நுரையீரல் அழற்சியைத் தணிக்க வேறு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் அமின் ஆக்ஸிடேஸ் என்னும் கிரியாப் பொருள்களின் குடும்பம் ஒன்று உண்டு. அவற்றுள் ஒன்றை அடக்கும் ஒரு மருந்தை ஆக்கி, 2015-இல் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் கம்பெனிக்கு விற்றார்கள். ஈரல் நோய்க்காக அதை எடுத்துச்சென்றவர்கள் பிற்பாடு நிறுத்திவிட்டார்கள். எனினும் அந்தப் பணம் சிறு கம்பெனிக்கு உயிர் கொடுத்தது. அதே குடும்பத்தின் பங்காளிகள் லைஸில் ஆக்ஸிடேஸ்கள்; எண்ணிக்கையில் ஐந்து. ரஸாயனிகளின் கவனம் இவற்றின்மேல் திரும்பிற்று.

இவற்றின் தொழில் யாது? நம் தோலுக்கும் எலும்புக்கும் குழாய்களுக்கும் வலிவு தருவது கொலாஜென் என்னும் நார். தனித்தனி நூலாகக் கிடக்கும் அந்நாரை ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கயிறாக்குவது லைஸில் ஆக்ஸிடேஸ். முடிச்சு இல்லையேல் என்னவாகும் என்பது ஒரு பூச்செடியால் தெரியவந்தது. தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் இனிப்புப் பட்டாணிப் பூச்செடியின் விதையை எலிகளுக்குத் தீனியாகப் போட்டபோது அவற்றின் முதுகெலும்பு கோணிற்று. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வெடித்தது. விதையிலுள்ள ஒரு விஷம் முடிச்சிடும் பொருளை முடக்கிவிட்டதே காரணம். (வட இந்தியாவில் கேசரிப் பருப்பைத் தின்று கால் விளங்காமற்போகும் நோய் வேறு, அஃது இச்செடிக்கு இனமான செடியின் வேறு விஷத்தால் வருவது.) அளவு மீறி முடிச்சு விழுந்தாலோ அதுவே வடு. வடு தோலில் விழலாம், ஈரலில் விழலாம், நுரையீரலில் விழலாம். எலும்பு மஜ்ஜையிலும் விழலாம்.

நமக்குக் கடிதம் எழுதியவருடைய தகப்பனாரின் நோய் இதுதான். மயலோபைப்ரோஸிஸ் என்பார்கள். இரத்தத்தை ஆக்கும் அணுக்கள் கெட்டு மிகுந்து, மஜ்ஜையில் நார் பின்னி இறுகிவிடுகிறது. உழுத நிலம் களர்பாய்ந்தாற்போல் அங்கே இரத்தம் விளைவதில்லை. உடம்பு அவ்வேலையை மண்ணீரலிடம் ஒப்படைக்க, அது வயிறு நிறைய வீங்குகிறது. சோகை, இரவில் வியர்வை, உடல் மெலிவு. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்ஸோலிடினிப் என்னும் மாத்திரை மண்ணீரலைச் சுருக்கி வாதையைத் தணிக்கிறது. பலருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் மஜ்ஜையின் வடுவைக் கரைப்பதில் அதற்கு அவ்வளவு வல்லமையில்லை. ஸின்டாராவின் மருந்து அந்த ஐந்து முடிச்சுக்காரர்களையும் ஒருங்கே அடக்கி, வடு இளகினால் மஜ்ஜை மீண்டும் விளையாதா என்று பார்க்கிறது.

செய்தித் துணுக்கு இங்கேதான் வருகிறது. முதலில் ருக்ஸோலிடினிப் போன்ற மருந்துகளால் பயன்பெறாத 24 பேரிடம் இதைத் தனியாகச் சோதித்தார்கள். பெரும்பாலோர் நன்றாகத் தாங்கினார்கள். சிலருடைய மஜ்ஜையில் வடு ஒருபடி குறைந்ததைக் கண்டார்கள். இது மெய். பிறகு ருக்ஸோலிடினிப்புடன் சேர்த்து மற்றொரு சிறு கூட்டத்தாரிடம் சோதித்தார்கள். மண்ணீரலும் உபாதைகளும் குறைந்தோர் அதில் உண்டு. இதுவும் மெய். ஆனால் பழைய கேள்வியை இங்கேயும் கேட்கவேண்டும். அந்த 24 பேரில் 6 மாதமும் முடித்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேரே. மஜ்ஜையை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடக்கூடியவர்கள் அதிலும் குறைவு. ஒப்புநோக்குவதற்கென்று மருந்து பெறாத கூட்டம் இல்லை. நோய் முற்றியவர்களிடம் செய்யும் முதற் சோதனை இப்படித்தான் இருக்கும்; அதைக் குற்றமென்று சொல்லவில்லை. இந்த அளவைக்கொண்டு வீட்டை அடமானம் வைக்கலாமா என்பதே பேச்சு. இம்மருந்து இன்னும் எந்தக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. பெரிய சோதனை இனிமேல்தான்.

ஆகவே அந்த மகனுக்கு யாம் எழுதிய விடை இது. வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். சோதனையில் சேர விமானச் சீட்டு போதாது. நோயின் நிலை, முன் உண்ட மருந்து, இரத்த அளவுகள் எல்லாவற்றுக்கும் விதியுண்டு. நீங்கள் படித்த அந்தச் சோதனைகளில் ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது. சோதனை மருந்துக்கு நோயாளியிடம் யாரேனும் பணம் கேட்டால் அவ்விடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். இந்நாட்டில் நடக்கும் சோதனைகளைப் பதிந்துவைக்கும் அரசாங்க ஏடு ஒன்று 2007 முதல் உண்டு, எவரும் பார்க்கலாம், உங்கள் டாக்டரைக்கொண்டு அதில் தேடச்சொல்லுங்கள். அப்பாவுக்கு இப்பொழுது கொடுக்கும் மாத்திரையின் அளவு சரிதானா, மஜ்ஜை மாற்றும் சிகிச்சைக்கு அவர் வயதும் உடம்பும் இடங்கொடுக்குமா என்று முதலில் கேளுங்கள். ஏதேனும் ஒரு சோதனையில் சேரும்படி நேர்ந்தால், தாங்க முடியவில்லையென்று இடையில் மருந்தை நிறுத்த அவருக்குப் பூரண உரிமையுண்டு. ஆனால் நிறுத்தின பிறகும், உடம்பு இடங்கொடுக்குமளவும், அளக்கக் கூப்பிட்ட நாளில் போய்வரச் சொல்லுங்கள்.

பங்கு கேட்ட அங்கத்தினருக்குச் சுருக்கமாகவே சொன்னோம்: 14 வாக்குகளில் ஒரு கம்பெனி எவ்வாறு சரிந்தது என்பதைக் கேட்ட பிறகும் வாங்க விருப்பமிருந்தால், தொலைந்தாலும் மகள் கலியாணம் நிற்காத பணத்தில் வாங்குங்கள் என்று. அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

மகனிடமிருந்து நேற்றுப் பதில் வந்தது. வருகிற வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறார்களாம். யாம் எழுதிய கேள்விகளைத் தங்கையும் ஸிட்னியிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறாளாம். இவ்வுரையின் பிரதியொன்றைப் பெரியவர் தமக்குப் படித்துக்காட்டக் கேட்டிருக்கிறார். காரியதரிசியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிரதியை இன்றிரவே தபாலில் சேர்க்கவேண்டியிருப்பதால், இவ்வளவில் அமர்கிறோம்.